கைப்பிடியில் தொங்கிய பை

ஊரிலுள்ள உணவகங்களில் பாதிக்குமேல் டிரம்மக்காவுக்குப் பின்வாசல்தான் தெரியும். முன்வாசல் பக்கம் போனதே இல்லை. மிச்சம் மீதியை டிரம்மில் சேர்த்து, மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, பன்றிப் பண்ணையில் கொண்டுபோய்க் கொட்டுவது அவள் பிழைப்பு. நாற்றமா? அவள் மூக்கு மரத்துப்போய் எத்தனையோ வருடம் ஆகிறது!

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டிரம்முக்குள் விழுந்தது பன்றிக்கு. அதன் கைப்பிடியில் தொங்கும் பை அவளுக்கு. யாரும் கைவைக்காத நல்ல சோற்றைச் சமையல்காரர் அப்படிக் கட்டி மாட்டிவிடுவார். புருஷன் செத்தபின் மகளை வளர்த்தது அந்தப் பைதான் என்று அவளுக்குப் பெருமை. தனக்கென்று ஒரு பிடி எடுத்ததில்லை.

அன்றும் பையை வீட்டில் வைத்துவிட்டு அடுத்த கடையில் டிரம்மை உருட்டிக்கொண்டிருந்தாள். முந்தைய கடைச் சமையல்காரரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, கைப்பிடியில இருந்த பையை எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சே. ஏன்?"

"ஐயோ! அது எலிக்கு விஷம் கலந்த சோறுக்கா. மருந்து வைக்க வந்தவன் மிச்சத்தைக் கட்டி அங்க மாட்டிட்டான். அது உங்க பங்குன்னு அவனுக்கு என்ன தெரியும்?"

டிரம் கைநழுவி உருண்டது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாளே! பசி தாங்காத பெண்ணாயிற்றே! பக்கத்து வீட்டுக்குப் போன் அடித்தாள், எடுப்பாரில்லை. பாழாய்ப்போன வண்டி அன்றைக்கென்று முக்கி முனகி ஊர்ந்தது. நானே என் கையால் வைத்துவிட்டு வந்தேனே என்று வழியெல்லாம் வாய்விட்டுப் புலம்பினாள்.

கதவைத் தள்ளினாள். மேசைமேல் பை காலியாகக் கிடந்தது. பக்கத்தில் கழுவிய தட்டு. மகள் சுருண்டு படுத்திருந்தாள்.

"சாப்பிட்டியாடி?"

"ம்... சாப்பிட்டேம்மா" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே.

டிரம்மக்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. மகளை வாரித் தூக்கி, வாயைப் பிளந்து, தொண்டைக்குள் விரலை விட்டாள். "கக்குடி! விஷம்டி அது! கக்கித் தொலை!"

மகள் திமிறிக்கொண்டு கத்தினாள். "சாப்பிடலம்மா! சத்தியமா சாப்பிடல!"

"இப்பத்தானேடி சாப்பிட்டேன்னு சொன்னே?"

"தினமும் அப்படித்தான் சொல்றேன்." மகள் விசும்பினாள். "டிரம்முல தொங்கினதுன்னு நெனச்சாலே குமட்டும்மா. கொல்லையில நீ பன்னிக்குன்னு வெச்சிருக்கற டிரம்முல கொட்டிடுவேன். கூடப் படிக்கறவ அவ டப்பாவுல பாதி குடுப்பா. உன் மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லல."

கொல்லைக்கு ஓடிப் பார்த்தாள். டிரம்மின் அடியில் சோறு அப்படியே கிடந்தது. இத்தனை நாளும் மகளுக்கென்று கொண்டுவந்ததை அவளே பன்றிக்குச் சுமந்திருக்கிறாள்! அங்கேயே உட்கார்ந்தாள்.

"கோவமாம்மா?" மகள் பின்னாலேயே வந்து நின்றாள்.

கழுவாத கையாலேயே மகளை இழுத்து, பொய் சொன்ன அந்த வாயில் முத்தமிட்டாள். மகள் முகம் சுளிக்கவில்லை.