மிச்சம் ஐம்பது கிலோ

என் கணவர் பத்ரிநாத்துக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் எடைதான் கண்ணில் படும். மராட்டிய மாநிலத்துப் போசரியில் வண்டி தயாரிக்கும் ஒரு ஆலையில், சோதனைப் பிரிவில் பதினாறு வருஷம் இருந்தவர். பெண் பார்க்க வந்தபோதே என்னை எத்தனை கிலோ என்று மனசுக்குள் போட்டிருப்பார் என்பது என் சந்தேகம்.

2003-ல் வேலையை விட்டுவிட்டு ஒரு பிக்கப் சரக்கு வண்டி வாங்கினார். கலியன் என்ற விழுப்புரத்துக்காரர் அதில் ரஞ்சன்காவ் ஆலைகளுக்கு உதிரி பாகங்கள் கொண்டுபோவார். வண்டித் தகட்டில் ஆயிரம் கிலோ என்று போட்டிருந்தால் ஆயிரத்தொன்றுக்கு இவர் சம்மதிக்க மாட்டார். ஓட்டுகிற கலியனையும் சேர்த்துத்தான் அந்த ஆயிரம். இந்தப் பிடிவாதத்தால் கைவிட்டுப் போன சவாரிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பேட்டைத் தமிழர்கள் சேர்ந்து கட்டிய சின்ன முருகன் கோயிலுக்குத் தேர் செய்ய முடிவானது. இரும்பு அடிச்சட்டத்தை இவரே பற்றவைத்தார். இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. பதிலுக்கு ஒன்றுதான் கேட்டார்: முதல் ஊர்வலத்தில் தேரை இழுக்கும் பிக்கப்பைத் தானே ஓட்ட வேண்டும்.

2005 பங்குனி உத்திரம் வந்தது. காலையில் தேரைப் பிக்கப்பின் கொக்கியில் மாட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு திரும்பினால், வண்டியில் ஜெனரேட்டர், மூன்று அண்டா பிரசாதம், நாதஸ்வரக்காரர்கள் நால்வர். அது போதாதென்று பதினோரு மாமாக்கள். நடுநாயகமாகக் கோயில் கமிட்டித் தலைவர் ராகவேந்திரா.

"மாமாக்கள்லாம் இறங்குங்கோ," என்றார் இவர்.

"ஏன் ஓய்? தேர் தனிச் சக்கரத்துல வர்றது. அதோட பாரம் வண்டிக்கு ஏது?" என்றார் ராகவேந்திரா.

"கொக்கி வழியா எழுபது கிலோ வண்டி மேலதான் அழுத்தும். ஜெனரேட்டர் நானூறு, அண்டா இருநூறு, வித்வான்கள் வாத்தியத்தோட இருநூத்தி எண்பது. மிச்சம் அம்பதே கிலோ."

"பக்தாளுக்கெல்லாமா எடை பார்ப்பா?"

"போற வழியில திகி ரோடு இறக்கத்துல தேர் பின்னாலேர்ந்து தள்ளும். பிரேக்குக்கு பக்தி தெரியாது, ஓய்."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். இவர் ஓட்டுநர் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எனக்குப் புரிந்தது. ராகவேந்திராவுக்கும் புரிந்தது.

"நீர் எத்தனை கிலோ?"

"தொண்ணூத்தாறு."

பதினோரு பேரும் சிரித்தார்கள். ஆனால் இவர் முகத்தைப் பார்த்ததும் ராகவேந்திராவுக்கே மனசு கேட்கவில்லை. "ஒரு அண்டாவை இறக்கிடலாம். நீர் ஏறும்," என்றார்.

"சாமி பிரசாதத்தை இறக்கிட்டு நான் ஏறறதாவது?"

சாவியைக் கலியனிடம் கொடுத்துவிட்டார். கலியன் நாற்பத்தெட்டு கிலோ. எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்தில் போய், "நாப்பத்தாறு கிலோ கூடினா யாருக்குத் தெரியப்போறது?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியுமே, ரமா."

மூன்று கிலோமீட்டர் வெறுங்காலோடு பின்சக்கரத்தை ஒட்டியே நடந்தார். மார்ச் மாதத்தில் என்ன கணபதி ஊர்வலம் என்று வழியில் மராட்டிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். திகி இறக்கத்தில் கலியன் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறக்க, தேர் சமர்த்தாகப் பின்னால் வந்தது. சமதரை வந்த பிறகுதான் இவர் நிமிர்ந்து முருகனையே பார்த்தார்.

கோயில் வாசலில் அண்டாக்களை இறக்கினார்கள், ஜெனரேட்டரை இறக்கினார்கள், வித்வான்களும் இறங்கிக்கொண்டார்கள். தேரை மட்டும் தெருவிலிருந்து உள்ளே கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும், நாற்பதடி இருக்கும். கலியன் இன்ஜினை நிறுத்தாமல் கீழே குதித்தார்.

"பாரமெல்லாம் எறங்கிடுச்சு சார். ஏறுங்க."

இவர் வண்டியின் பின்பக்கம் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துதான் ஏறினார். அந்த நாற்பதடியை அத்தனை மெதுவாக யாரும் ஓட்டியிருக்க முடியாது. மாமாக்கள் அரோகரா போட்டார்கள். இவர் கண்ணாடியில் பின்னால் வரும் முருகனைப் பார்த்துக்கொண்டே, கூச்சமில்லாமல் அழுதார். நானும்தான்.