கொடிக்கயிற்றில் நீந்திய சபூறா

எங்கள் ராத்தா சபூறா கல்முனைக்குடியில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, அங்கேயே நாற்பது வயதைக் கடந்தவள். ராவில் புரண்டு படுத்தாலும் கடல் இரைகிற சத்தம் காதில் விழும் வீடு. ஆனால் கடலோடு அவளுக்கு இருந்த உறவு கணுக்காலோடு சரி. அதற்கு மேல் ஈரம் ஏறினால், அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி நடந்துவிடுவாள்.

ஒரே வளவுக்குள் அவளுக்கு ஒரு வீடு, தங்கச்சி எனக்கு ஒரு வீடு. ராத்தாவின் மாப்பிள்ளை, எங்கள் மச்சான், கட்டாரில் வேலை. அவர்களுடைய மகள் நிப்லாவுக்கு ஒன்பது வயது. தண்ணீரைக் கண்டால் கரையில் நிற்காத பிள்ளை. போன வருஷம் ஒரு பின்னேரம் அலை ஒன்று அவளைப் புரட்டி உள்ளே இழுத்தது. ராத்தா கத்திக்கொண்டு ஓடினாள். முழங்கால் தண்ணீர் வரைக்கும் ஓடி, அங்கேயே நின்றுவிட்டாள். அதற்கு மேல் கால் போகவில்லை. பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த மக்கீன் காக்காதான் பாய்ந்து பிள்ளையைத் தூக்கினார்.

வீட்டுக்கு வரும் வழியில் நிப்லா கேட்டாள்: "நான் தண்ணிக்குள்ள தாழ்ந்து போகக்குள்ள நீங்க ஏன் உம்மா வரல்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் ராத்தா இரண்டு ஏச்சு ஏசிவிட்டு மறந்திருப்பாள். பிள்ளை தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு கடற்கரைக்குப் போகும்போதெல்லாம், மக்கீன் காக்கா நிற்கிறாரா என்று முதலில் பார்ப்பாள். நின்றால்தான் இறங்குவாள். உம்மாவின் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டாள். ராத்தாவுக்கு எப்படி இருந்திருக்கும்!

வேறு உம்மா என்றால் பிள்ளையைக் கடலுக்குப் போகாமல் மறித்திருப்பாள். எங்கள் ராத்தா தான் நீந்தப் பழகுவது என்று முடிவெடுத்தாள். ஆம்பிளைகள் நிறைந்த கடற்கரையில் அவள் போய்ப் பழக முடியாது. பழக்குவதற்கும் ஆள் இல்லை. இருந்தது பின்வளவுத் தொட்டி. மேல்மாடி கட்டத் தண்ணீர் சேர்த்துவைக்க மச்சான் கட்டியது. மேல்மாடி தூணோடு நின்றுபோக, தொட்டி மிஞ்சிவிட்டது. நெஞ்சளவு ஆழம், ஓர் ஆள் நீட்டிப் படுத்தால் கொஞ்சம் இடம் மிச்சம். அதைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, சுற்றிவர மச்சானின் பழைய சாரன்களைத் தொங்கவிட்டு, போனைக் கிணற்றுக்கட்டில் சாத்திவைத்தாள்.

போனுக்குள் யாரோ ஓர் இந்தியத் தம்பி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூக்கால் காற்றை வெளியே விடச் சொன்னார். இதில்தான் ராத்தா மாட்டினாள். தொழுகைக்கு முன் ஐந்து வேளையும் தண்ணீர் இழுத்துச் சிந்தி வுழூச் செய்கிற மூக்கு அது. தண்ணீரைக் கண்டால் உள்ளே இழுப்பதுதான் அதன் பழக்கம். முகத்தை வைத்தாள், மூக்கு தன் கடமையைச் செய்தது. தும்மி, இருமி, கண் சிவந்து எழும்பினாள். மறுபடி வைத்தாள், மறுபடி இழுத்தது. மூன்றாம் தரமும் இழுத்தது.

"வுழூ முடிஞ்சிதானே ராத்தா, இனித் தொழுங்களன்," என்றேன், சாரனுக்கு மேலால் எட்டிப் பார்த்து.

"நீ போ கா அங்கால! எண்ட மூக்கு எண்ட சொல்லுக் கேக்குதில்ல."

வாய் அதற்கு மேல். அல்லாஹ்வின் பேரால் என்று பிஸ்மி சொல்லாமல் அவள் எதையும் தொடங்க மாட்டாள். ஆனால் அவசரக்காரி, சொல்லி முடிக்குமுன் தலையை அமிழ்த்திவிடுவாள். தொடக்கம் வெளியே கேட்கும், முடிவு குமிழியாக வரும். நான் அதற்குச் சிரிக்கவில்லை, பாவம் பிடிக்கும். குசினிக்குள் போய்த்தான் சிரித்தேன்.

மூக்கை ஏமாற்றும் வழியை அவளே கண்டுபிடித்தாள். 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே முகத்தை வைத்தால் மூக்கால் இழுக்க முடியாது. காற்று வெளியேதான் போகும். அன்றிலிருந்து ஒரே முனகல். நாங்கள் மாட்டுக்கன்று வாங்கியிருக்கிறோமா என்று பக்கத்து வளவில் விசாரித்தார்கள்.

மிதக்க வந்தது, கால் அடிக்க வந்தது. ஆனால் இரண்டு அடி அடித்தால் தலை சுவரில் முட்டியது. ஒரு நாள் உடுப்புக் காயப்போடப் போனேன், கொடிக்கயிற்றைக் காணவில்லை. தேடிப் போனால் அது ராத்தாவின் இடுப்பில் இருக்கிறது. மற்ற நுனி தென்னையில். அவள் கையையும் காலையும் போட்டு அடிக்கிறாள், நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

"எங்க ராத்தா பயணம்?"

"கட்டாருக்கு."

"போய்ச் சேந்தா மச்சானுக்குச் சலாம் சொல்லுங்க."

நிப்லா தொட்டிக் கட்டில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "கயிறு இல்லாட்டியும் நீந்துவீங்களா உம்மா?" என்று கேட்டாள்.

"இன்ஷா அல்லாஹ்," என்றாள் ராத்தா.

எங்கள் ஊரில் அதற்கு 'ஓம்' என்றும் பொருள் இருக்கும், 'இப்ப ஆளை விடு' என்றும் பொருள் இருக்கும். நிப்லாவுக்கு இரண்டும் தெரியும்.

கடல் குளம்போலக் கிடந்த ஒரு மே மாதக் காலையில், சுபஹ் தொழுதுவிட்டு மூன்று பேரும் இறங்கிப் போனோம். கரையில் ஆளில்லை. மக்கீன் காக்காவும் இல்லை, ஆனாலும் அன்று நிப்லாதான் முதலில் இறங்கினாள். ராத்தா நெஞ்சளவுக்குப் போனாள், முனகினாள், முகத்தை வைத்துக் காலை அடித்தாள். அடித்தவள் பதறிக்கொண்டு எழும்பி நின்றாள்.

"என்ன ராத்தா?"

"நான் போறன் கா!"

"நீந்தினாப் போகத்தானே செய்யும்!"

கயிற்றில் கட்டுண்டு நீந்தியவளுக்கு, நீந்தினால் இடம் மாறும் என்பது அன்றுதான் தெரிந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து நிமிர்ந்தபோது, அவளுக்கு அப்பால் நீந்திக்கொண்டிருந்த நிப்லாவைக் காணவில்லை.

ராத்தா இந்த முறை கத்தவில்லை. முனகவும் இல்லை, பிஸ்மியை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை; அப்படியே பாய்ந்தாள். கையும் காலும் கண்டபாட்டுக்கு அடிபட்டன. போன் தம்பி பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் அவள் போனாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கால் முட்டும் இடத்துக்கு வந்து நின்றாள்.

இருமியது ராத்தாதான். நிப்லாவின் வாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

"நான் வேணுமெண்டுதான் உம்மா தண்ணிக்குள்ள தாழ்ந்தன்," என்றாள். "நீங்க வாறீங்களா எண்டு பாத்தன்."

ராத்தா அவளுடைய முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டாள். பிறகு இறுக்கிக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். அடி வாங்கிய பிள்ளை அழவில்லை. உம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தபடியே இருந்தாள்.