இரண்டு காவல்

என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு பித்தளைப் பூட்டு கிடக்கிறது. சாவி இல்லை. போன வருடம் மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வரை அது செல்லூரில் ஒரு கிடங்குக் கதவில் தொங்கியது. அன்று கே.கே. நகர் வீட்டில் வழக்கம்போல் மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், ஸ்கூட்டரைத் துடைத்தேன், கறி வாங்கி வந்து கொடுத்துவிட்டுக் கணினியைப் போட்டேன். திரை பாதியில் நின்றுவிட்டது.

என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், தம்பியோடு கூட்டாக விசைத்தறி நடத்தினார். துண்டுக் கட்டுகள் இருக்கும் கிடங்குக்கு இரண்டு பூட்டு. ஆளுக்கு ஒரு சாவி. தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அன்று கிடங்கு திறக்காது. அதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை. சனிக்கிழமை சாப்பிட வந்தவர், பட்டறைக்கு வாங்கிய ஆன்டிவைரஸை எங்கள் கணினியிலும் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று மகள் சொன்னதற்கு, "இருக்கட்டும்த்தா. ரெண்டு பேரு காவலுக்கு நின்னா, ஒருத்தன் தூங்குனாலும் இன்னொருத்தன் முழிச்சிருப்பான்ல" என்றார்.

இரண்டுமே தூங்கவில்லை. ஒன்று தொட்ட கோப்பை மற்றது மறித்துச் சோதித்தது. நடுவில் கணினி திணறியது. மகளின் இறுதியாண்டு புராஜெக்ட் இருந்த ஃபோல்டரையும் காணவில்லை. அதிலிருந்தவை அவளே எழுதிய நிரல்கள். முன்பின் பார்த்திராதவை என்று மச்சானின் ஆன்டிவைரஸ் அவற்றைப் பிடித்துத் தனியே அடைத்து வைத்திருந்தது. மறுநாள் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும்.

போன் செய்ததும் மச்சான் வந்துவிட்டார். அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் கணினியைத் திறந்தேன். "நான் வச்சதுதானே மாப்ள, நானே எடுக்குறேன்" என்று மௌஸை வாங்கிக்கொண்டார். அந்த ஆன்டிவைரஸை நீக்கும்போது பாதியில் திரையில் ஒரு கேள்வி வந்தது. முழுதாகப் படிக்காமல் நான் எதையும் அழுத்துவதில்லை. "இருங்க மச்சான், என்னமோ கேக்குது" என்று கண்ணாடியைத் தேடினேன்.

"அது எல்லாத்துக்குந்தான் கேக்கும்" என்று அவர் அழுத்திவிட்டார்.

மறைவதற்குள் கடைசி வரியைப் படித்தேன். அடைத்து வைத்த கோப்புகளையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டிருந்தது.

கணினி புதிதுபோல வேகமாகத் திறந்தது. ஃபோல்டர் இல்லை. மீட்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்ததில் உடைந்த துண்டுகள்தான் வந்தன. மகள் அழவில்லை. "ஆறு மாச வேலை மாமா" என்றாள். மச்சான் மௌஸிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜனவரியில் பேராசிரியருக்கு அனுப்பிய அரைகுறைப் பிரதி மட்டும் மின்னஞ்சலில் இருந்தது. அவள் அதை அச்செடுத்து, விடுபட்ட இடங்களைக் குறிக்க ஆரம்பித்தாள். கறிச்சோற்றை யாரும் தொடவில்லை.

கிளம்பும்போது கேட்டருகே நின்று மச்சான் கேட்டார்: "ரெண்டும் காவலுக்கு வந்ததுதானே மாப்ள. ஒண்ணை ஒண்ணு எப்படித் திருடன்னு நினைச்சுச்சு?"

விளக்கம் எனக்குத் தெரியும். கேட்டைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் காலை, பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தபோது மச்சான் நின்றிருந்தார். கையில் அந்தப் பூட்டு.

"கிடங்குக்குத் தம்பி பூட்டு ஒண்ணு போதும்" என்றார். சாவி எங்கே என்று கேட்டேன். "வாய்க்கால்ல போட்டுட்டேன். தண்ணி எங்க இருக்கு, சேத்துலதான் கிடக்கும்."

உள்ளே மின்விசிறிக் காற்றில் மகளின் தாள்கள் படபடத்தன. அவர் நேரே போய் அவற்றின் மேல் பூட்டை வைத்தார்.