பழசைக் காட்டு

"நீ கொண்டு வந்ததைத்தானே நான் குடுத்தேன், மாப்ள."

எங்க அக்கா புருஷன், அவர் வேலை பார்த்த கடையில் வைத்து, நாலு பேர் முன்னால் என்னிடம் சொன்ன வார்த்தை இது. வருஷக்கணக்காகிவிட்டது. இன்றைக்கும் சோற்றில் கிடக்கிற கல் மாதிரி பல்லில் கடிபடுகிறது.

அவர் சாவு வீட்டில் ஆளாளுக்குத் தங்கமான மனுஷன் என்றார்கள். நான் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் தங்கம் கொஞ்சமாவது வளையும். மச்சான் வளைய மாட்டார்.

மீசை முளைக்கிற வயசில் அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் போனவர். ரயில் பெட்டி மாதிரி நீளமான கடை, ஜன்னல் கிடையாது. ரெண்டு பக்கமும் கூரை வரைக்கும் இரும்புத் தட்டுகள், அட்டைப் பெட்டிகள். ஆயில் ஃபில்டர் இருக்கிற மூலை அவர் ராஜ்ஜியம். என்ன வண்டி, என்ன மாடல் என்று வாய் திறந்து கேட்க மாட்டார். கையை நீட்டுவார். "பழசைக் காட்டு." கழற்றின ஃபில்டரைக் கொண்டு வராதவனுக்கு, "பல்லை வீட்ல வச்சிட்டுப் பல் டாக்டர்கிட்ட வந்தியா?" என்று அர்ச்சனை விழும்.

கொண்டு வந்தால், எண்ணெய் சொட்டச் சொட்ட வாங்கித் துடைப்பார். நடு ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுத் திருகு மரையைத் தடவுவார். ரப்பர் வாஷரை உள்ளங்கையில் அழுத்தி, பதிந்த வட்டத்தைப் பார்ப்பார். தட்டிலிருந்து புதுசு ஒன்றை எடுத்து அந்த வட்டத்தின் மேல் வைப்பார். ஒட்டி உட்கார்ந்தால் சரி, எடுத்துட்டுப் போ. இதனால் அவருக்குப் பெயரே 'பழசு' என்று ஆகிப்போனது. முதலாளியே அப்படித்தான் கூப்பிட்டார். அக்கா செருப்பு கேட்டாலும் பழசைக் கொண்டா என்பாராம். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப மட்டும் எதைக் காட்டச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சார்" என்று அக்கா சிரிப்பாள்.

நான் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவன். முதல் முதலாக எனக்கே எனக்கென்று வாங்கின வண்டி, இன்னொருத்தன் ஓட்டித் தள்ளினது. வாங்கின கையோடு ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரைக் கழற்றி மச்சானிடம் கொண்டு போனேன். விரலை விட்டார், வட்டம் பார்த்தார், புதுசு குடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் அதேபோல்தான்.

காலையில் சாவி போட்டால் எஞ்சின், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி கடகடவென்று கத்தும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மச்சானிடம் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், பெடலில் உன் காலைச் சரியாக வை என்றார். காலை வைத்தேன், கையை வைத்தேன், கடைசியில் ஒருநாள் நடுரோட்டில் எஞ்சின் இறுகி நின்றது.

மெக்கானிக் பிரித்துப் பார்த்தான். பேரிங் எல்லாம் தேய்ந்து கிடந்தது. பிறகு ஃபில்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இந்த வண்டிக்குரியதே இல்லை என்றான். இந்த எஞ்சினில் ஃபில்டர் படுத்த மாதிரி மாட்டுவது. உள்ளே ஒரு ரப்பர் மூடி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ராத்திரி வண்டி நிற்கும்போது ஆயிலெல்லாம் கீழே இறங்கிவிடும், காலையில் எஞ்சின் காய்ந்த தொண்டையோடு ஓடும். ரெண்டு வகைக்கும் மரை ஒன்றுதான், வாஷர் ஒன்றுதான், அதனால் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. முன்னால் வண்டி வைத்திருந்தவன் எதையோ மாட்டியிருந்தான். மச்சான் அந்தத் தப்பைப் பார்த்துப் பார்த்து, அச்சு மாறாமல் அதே தப்பை எடுத்துக் குடுத்திருக்கிறார்.

சரியானது ஒன்று, அவர் குடுத்தது ஒன்று, ரெண்டு ஃபில்டரையும் அவர் மேஜை மேல் வைத்துக் கேட்டேன். அப்போது சொன்னதுதான் அந்த வார்த்தை. நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் அடுத்த ஆளிடம் கையை நீட்டினார்.

வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, இன்னொருத்தன் காருக்கு டிரைவராகப் போனேன். 'என் தப்புதான்' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வருகிற வரைக்கும் அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அதற்கப்புறம் அவர் மாறிவிட்டார். ஸ்டூலை விட்டு அசையாத மனுஷன், வெயிலில் தெருவுக்கு இறங்கி வந்து, பானட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சினுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஃபில்டர் குடுக்கிறார் என்று எதிர்க்கடை பஞ்சர்காரன் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழியில் போகிறவனுக்கெல்லாம் குனிந்து பார்க்கத் தெரிகிறது. மச்சினன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் கிரீடம் இறங்கிவிடுமா?

கிட்னி கெட்டுப் படுத்த பிறகு ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். வெளியே அவர் கார், உறை போட்டு மூடியபடி. வேறு யாரையும் தொட விடாத கார். அக்கா என் முன்னால் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் தொடவில்லை.

அவர் காரைக் கைகாட்டினார். இனிமேல் உங்க அக்காதான் ஓட்டணும், டிரைவிங் ஸ்கூலில் பழகிக்கொண்டிருக்கிறாள், ஆயில் மாற்ற வேண்டும், ஃபில்டரை நீயே வாங்கி மாட்டிவிடு என்றார்.

"சரி, பழசைக் கழட்டி எடுத்துட்டுப் போயி காட்டி வாங்குறேன்" என்றேன். குத்தத்தான் சொன்னேன்.

சுண்டுவிரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"வேணாம் மாப்ள. பழசை நம்பி நீ கெட்டது போதும். பானட்டைத் திறந்து எஞ்சினைப் பாத்து வாங்கு."