நான் திருத்திச் சொன்ன கேள்வி

பெரியம்மாவின் வலது முழங்கால் தேய்ந்து, கால் வில்போல வளைந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தலவாக்கலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதில் அவரளவு வேகமான கை வேறு எவருக்கும் இல்லை. கொழுந்து மலைச் சரிவில் இறங்கும்போது மட்டும் செடிகளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார். வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் சிங்களப் பாடத்தில் நான்தான் முதல். அதனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரோடு என்னையும் அழைத்துப் போனார்கள். பெரியப்பாவும் வந்தார். டாக்டரின் அறைக்குள் ஒருவர்தான் துணைக்குப் போகலாம் என்றதும் அவர் என்னிடம், “சீக்கிரமா குணமாக்கி மலைக்கு அனுப்பச் சொல்லு” என்று சொல்லிவிட்டு வெளியே உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். மூட்டின் உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டி நிமிர்த்தித் தகடு வைக்கலாம். தேய்ந்த பாதியை மட்டும் மாற்றலாம். இல்லாவிட்டால் மூட்டு முழுவதையும் எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்தலாம். ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொன்னேன். பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“எதைச் செஞ்சா இனிமே மலை ஏற முடியாதுன்னு கேளு” என்றார்.

பயத்தில் வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். எந்த ஆப்பரேஷன் செய்தால் திரும்ப மலை ஏறலாம் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் யோசிக்காமல், பாரம் சுமந்து ஏறி இறங்குகிறவருக்கு, அதுவும் ஐம்பதுகூட ஆகாத இந்த வயதில், எலும்பை நிமிர்த்துவதுதான் பொருத்தம் என்றார்.

“வெட்டி நேராக்குறதுதானாம் பெரியம்மா.”

“அப்ப அதையே செய்யச் சொல்லு.”

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று மாதம் கைத்தடிகளோடு நடந்தார். அந்த நாட்களில் பக்கத்து லயத்து வரிசை வீட்டு அக்கா அடிக்கடி வருவார். கை விளங்காமல் போய், இனி மலையில் வேலை செய்ய முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டி, பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறியவர் அவர். அந்த வேலையைப் பற்றிப் பெரியம்மா அவரிடம் ஓயாமல் விசாரிப்பார். எத்தனை குழந்தைகள், எப்போது பால் கொடுப்பது, மழை நாளில் என்ன செய்வது என்று.

கடைசிக் கிளினிக் நாளில் டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் சந்தோஷமாகச் சொன்னேன்.

“இனி கூடையோட மலை ஏறலாமாம்!”

பெரியம்மா முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அன்னைக்கு நான் கேட்டத அப்புடியேதானே கேட்ட?”

“இல்ல பெரியம்மா. நீங்க மாத்திச் சொல்லிட்டீங்க. நான் சரியாக்கிக் கேட்டேன்.”

அவர் என் தலையைத் தடவினார். “நல்ல புள்ள” என்றார். வெளியே வந்து பெரியப்பாவிடம், “அடுத்த கிழமையிலருந்து மலைக்குப் போறேங்க” என்றார்.

அதன்பின் ஒன்பது வருடம் கொழுந்து பறித்தார். நானோ, பெரியம்மாவின் தவறைக்கூடத் திருத்திச் சொன்ன கெட்டிக்காரி என்று அன்று மாலையே லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்தத் தடவலைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.