கெத்தாராமத்தில் ஒரு காலி இருக்கை

ஞாயிறு காலை பத்தரை மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தை விடுதியிலிருந்து எட்டுப் பேர் புறப்பட்டோம். ஏழு பேர் மெல்பேணில் என்னோடு படிப்பவர்கள். எட்டாவது ஆள் நான். பயணத்தைத் திட்டமிட்டவனும் நானே.

கோடை விடுமுறையில் நான்கு வாரம் வெளிநாட்டில் படிக்க எங்கள் பல்கலைக்கழகத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. எந்த நாடு என்ற பேச்சு வந்தபோது நான் கொழும்பு என்றேன். மெல்பேணில் பெப்ரவரி கோடைக்காலம். அதே மாதம் கொழும்பில் இருபது ஓவர் உலகக் கிண்ண ஆட்டங்கள். யாரும் மறுக்கவில்லை.

நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவன். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் நண்பன் யூட் பத்து வருடம் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது மின்சாரச் சாமான் கடையொன்றில் வேலை. எங்களுக்கு விடுதி பேசியதும் அவன், லீவு போட்டு வரிசையில் நின்று இலங்கையின் ஆட்டத்துக்கு எட்டு டிக்கெட் எடுத்ததும் அவன். ஆறு மாணவர், நான், அவன் என்பது கணக்கு.

புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது எமிலி என்றொரு மாணவி புதிதாகச் சேர்ந்தாள். யூட்டுக்கு அழைத்தேன்.

"மச்சான், ஒரு டிக்கெட் குறையுது."

"என்ரய குடு. கிரவுண்ட் எங்கட வீட்டுக்குப் பக்கத்திலதானே."

"உண்மையாவா?"

"ஓம், ஓம். பரவாயில்லை."

என்னுடையதைக் கொடுக்கலாம் என்ற எண்ணம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. கூட்டிப்போகிறவன் நான்தானே என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டேன்.

காலி வீதியில் நூறாம் இலக்கப் பஸ் பிடித்துப் புறக்கோட்டையில் இறங்கினோம். ஆளுக்கு எழுபது ரூபாய். அங்கிருந்து மூன்று ஆட்டோக்கள், ஒவ்வொன்றும் நானூறு. "மெட்ச் பலன்னத யன்னே, மல்லி?" ஆட்டம் பார்க்கவா போகிறாய், தம்பி என்று ஓட்டுநர் சிங்களத்தில் கேட்டார். ஆமென்றதும், "வாசனாவந்தயி," என்றார். அதிர்ஷ்டக்காரனாம்.

பன்னிரண்டு மணிக்கு யூட் வீட்டில் சோறும் இறால் கறியும். மைதானத்துக்குள் பைகளை விடமாட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் அவன் கட்டிலில் குவித்தோம். இலங்கை அணியின் நீல ஜேர்சியைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் எங்களோடு நடந்து வந்தான். கெத்தாராம மைதானத்தின் வாசலைக் காட்டி, "சந்தோசமாப் பாத்திட்டு வாங்கோ," என்று திரும்பினான்.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அப்படியொரு வெயில். முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் எமிலி தலை சுற்றுகிறது என்று எழுந்தாள். வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்றேன். தனியே போய்க்கொள்வேன், பையை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போகிறேன் என்றாள். நான் எழும்பவில்லை. இலங்கை துடுப்பெடுத்தாட வந்துகொண்டிருந்தது.

என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே கிடந்தது. இறுதி ஓவரில் இலங்கை வென்றபோது அதன்மேல் ஏறி நின்று கத்தியவன் நான்.

ஏழு மணியளவில் பைகளை எடுக்கப் போனோம். யூட்டின் அம்மா கதவைத் திறந்தார். யூட் அப்போதுதான் வந்தவன்போல வியர்வையோடு நின்றான்.

"எமிலி வந்தவளா?"

"வந்தவ. நிக்கவே ஏலாமப் போச்சு அவவுக்கு. தேசிக்காய்த் தண்ணி குடுத்து, ஆட்டோ பிடிச்சு வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய் விட்டிட்டு இப்பதான் வாறன்."

"அப்ப கடைசி ஓவர்? டீவியிலயும் பாக்கேல்லையா?"

"போனில ஸ்கோர் பாத்தனான்."

அம்மா என்னைப் பார்த்தார். "சின்னனில இருந்து உலகக் கிண்ணம் நேரில பாக்கோணும் எண்டவன், தம்பி."

"அம்மா, சும்மா இருங்கோ," என்றான் யூட்.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவன் பைகளை ஒவ்வொன்றாக நண்பர்களிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

மூன்று வாரம் கழித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அழைத்தேன். அன்று அவனுக்கு வேலை.

"அடுத்த உலகக் கிண்ணம் நாங்க ரெண்டு பேரும்தான், மச்சான்."

"எங்க நடக்குது?"

எனக்குத் தெரிந்திருந்தது, நான் படிக்கும் நாட்டில்தான். அங்கே போக அவனுக்கு விசாவும் விமானச் சீட்டும் வேண்டும். "பாத்துச் சொல்றன்," என்றேன்.

"சொல்லு. கஸ்டமர் வந்திட்டார், வைக்கிறன்."

மெல்பேணில் எந்தச் சனிக்கிழமையும் டிராமில் ஏறிப்போய் ஒரு பெரிய ஆட்டத்தைப் பார்க்கலாம். யூட்டின் வீட்டுக்கு இருபது நிமிடத் தொலைவில் அப்படி ஓர் ஆட்டம் இனி எப்போது வருமோ தெரியாது. வந்தபோது நான் அவன் இடத்தை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.