வாயில் வராத பெயர்

கோமதியம்மாள் தாராவியில் காராச்சேவு போட்டு விற்றுப் பிழைத்தவள். கடலை மாவுக்கும் எண்ணெய்க்கும் வட்டிக்குக் கொடுக்கும் பட்டாணியனிடம் கடன். சனிக்கிழமைதோறும் தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நிற்பான். வட்டி போக அவளுக்கு மிஞ்சுவது அடுப்புப் புகைதான். யுத்தத்தின்போது கப்பலில் கரி தள்ளப் போன புருஷன், யுத்தம் முடிந்தும் வரவில்லை. ஒரு கடுதாசியும் இல்லை. அலுத்துப் போயிருந்தாள்.

மாட்டுங்காவில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொழில் செய்கிற பெண்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தருகிறது என்று கேள்விப்பட்டுப் போனாள். குமாஸ்தா வேங்கடசுப்ரமணியன் விண்ணப்பத்தை எடுத்தார்.

"புருஷன் பேர் என்னம்மா?"

வந்தது வினை. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அவள் ஊர்ப் பெண்கள் வாயே திறப்பதில்லை. ஆள் கடலில் இருக்கும்போது கேட்கவே வேண்டாம்.

"சொல்லப்பிடாதுல்லா அய்யா. முன்பாதி எங்க அம்மன், இடுப்புல புள்ளைய வச்சிருப்பா. பின்பாதி மதுரைய ஆண்டவுக."

"புரிஞ்சுடுத்து" என்று எழுதிக்கொண்டார் அந்த மகராசன். பாலக்காட்டுக்காரருக்கு இசக்கியம்மனை எங்கே தெரியும்? மாரிப்பாண்டி என்று போட்டுவிட்டார். அவளுக்கோ படிக்கத் தெரியாது.

கடன் பாஸாயிற்று. பணம் வாங்கப் போனால், ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். கார்டில் வேறு பெயர்.

"கார்டுல உள்ளதுதான் அய்யா சரி."

"கார்டு உங்களுதுதான்னு எப்படி நம்பறது? காரியதரிசி எதிர்ல உங்க வாயால சொல்லுங்கோ. இல்லேன்னா ரத்து."

விடிந்தால் சனிக்கிழமை. போன வாரமே பட்டாணியன் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தான். இந்தத் தடவை வைக்கமாட்டான். சட்டி போனால் பிழைப்பும் போயிற்று.

கோமதியம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் நாக்கை அடக்கித்தான் அவரை உயிரோடு வைத்திருப்பதாக நம்பியிருந்தாள்.

"இசக்கிப்பாண்டி" என்றாள்.

"காதுல விழலை" என்றார் காரியதரிசி.

"இசக்கிப்பாண்டி!"

கட்டைவிரலில் மை தடவினார்கள். பணம் கைக்கு வந்தது. சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. மடியில் முடிந்துகொண்டு சயான் வழியாக வீட்டுக்கு நடந்தாள். பாவிகள் சொல்ல வைத்துவிட்டார்களே என்று அழுகை வந்தது. சொன்னதுதான் சொல்லியாயிற்று, இனி வாயைப் பூட்டி என்ன ஆகப் போகிறது? நடுரோட்டில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

"இசக்கிப்பாண்டி... எங்க இருக்கிய?"

போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.